நான்காவது புலி

"ஆளுக்கு ஒரே ஒரு காய். இதுக்குப் போயி காசு கொடுத்தியா?"

அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். நான் மேசைமேல் வைத்திருந்தது இரண்டே இரண்டு அறுகோணக் காய்கள். இரண்டிலும் கொசு படம். அந்த இரண்டு கொசுவுக்கு நான் கொடுத்த காசில் எங்கள் தெருமுனைக் கடையில் நாலு பேர் வயிறார நாசி லெமாக் சாப்பிடலாம்.

இன்றைக்குப் பலகை விளையாட்டு பிடித்த இளையோர் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புதிதல்ல. விளையாட்டை ஒரு விலைக்கு வாங்குவோம். ஆடிப் பழகி, கொஞ்சம் அலுக்கத் தொடங்கும்போது அதே விளையாட்டுக்குக் கூடுதல் காய்களோ சீட்டுகளோ தனிப்பெட்டியில் வரும். அதை விரிவாக்கம் என்கிறார்கள்.

என் கொசுக்கள் 'ஹைவ்' என்ற இரண்டு பேர் ஆட்டத்தைச் சேர்ந்தவை. ஜான் இயானி என்பவர் உருவாக்கிய இந்த ஆட்டம் 2001இல் வெளிவந்தது. இதற்குப் பலகையே கிடையாது. ஆளுக்குப் பதினொரு காய்: ஒரு ராணித் தேனீ, இரண்டு சிலந்தி, இரண்டு வண்டு, மூன்று வெட்டுக்கிளி, மூன்று எறும்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை. எதிராளியின் ராணியை ஆறு பக்கமும் சூழ்ந்துவிட்டால் வெற்றி. 2007இல் இதற்கு ஒரு கொசு வந்தது. 2010இல் ஒரு பொறிவண்டு, 2013இல் ஒரு 'பில்பக்' பூச்சி. ஒவ்வொரு முறையும் ஆளுக்கு ஒரே ஒரு காய்தான் கூடியது.

கொசுவுக்கென்று சொந்த நடை இல்லை. பக்கத்தில் எந்தப் பூச்சியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ, அதன் நடையைக் கடன் வாங்கிக்கொள்ளும். எறும்பைத் தொட்டால் எறும்பு போல ஓடும். வண்டைத் தொட்டால் வண்டு போல ஏறும். ஒரு காய் கூடியதும் பழைய பதினொரு காய்களுக்கும் புது வேலை வந்துவிடுகிறது.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். ராணியைச் சூழ்வதைப் பார்த்ததும் மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இது புலியக் கட்டுற ஆட்டம்தானே?"

எழுந்து போனவர், சுவரில் தொங்கிய பழைய நாள்காட்டியின் கடைசித் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

* * *

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பா பத்து பாகாட் வீட்டில் தனியாக இருக்கிறார். நான் கோலாலம்பூரில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, நெடுஞ்சாலையில் இறங்கி, யோங் பெங் வழியாக வீடு வந்து சேருவேன். வந்தால்? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "ரோடு ஜாமா?" "இல்லப்பா." அதோடு சரி. வானொலியில் மணிக்கணக்காகப் பேசிச் சம்பளம் வாங்குகிறவன் நான். அப்பா முன்னால் உட்கார்ந்தால் மூன்று நிமிடத்துக்குமேல் ஓடாது. இத்தனை வருடமும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேசிக்கொண்டிருந்தது அம்மாதான் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது.

அதனால்தான் அந்தப் பூச்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு பேர் ஆட்டம், கையடக்கம், பேசாமலும் ஆடலாம்.

அப்பா தாளில் கோடு போட்டார். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து கீழே விரிகிற நான்கு கோடு, அடியில் அவற்றை இணைக்க ஒரு கோடு. நடுவே குறுக்காக மூன்று கோடு, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு. நீட்டிய முனைகளை இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக இணைத்தார். எண்ணிப் பாருங்கள்: உச்சியில் ஒன்று, குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஆறு, அடியில் நான்கு. மொத்தம் 23 புள்ளி. ஆடு புலி ஆட்டம்.

தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களில் தரைக் கல்லிலேயே இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். மலாயில் பத்து என்றால் கல், பாகாட் என்றால் உளி. கல்லுக்கும் உளிக்கும் பேர் போன ஊரில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் நாள்காட்டித் தாளில்தான் ஆடினோம். ஆடுகளுக்கு ஒரு காசு நாணயம். 2008 ஏப்ரலில் கடை ரசீதுகளை ஐந்து காசுக்குச் சரிக்கட்டத் தொடங்கிய பிறகு ஒரு காசுக்கு மதிப்பே இல்லாமல் போனது. அம்மா அதையெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் போத்தலில் போட்டு வைத்திருந்தார். புலிகளுக்குத் தைலப் போத்தல் மூடி.

எங்கள் வீட்டு விதி இது. புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிகள் உச்சியிலும் அதற்குக் கீழே நடுவில் உள்ள இரண்டு புள்ளியிலும் நிற்கும். ஆடுகள் ஒவ்வொன்றாகக் களத்துக்கு வரும். ஓர் ஆடு வைத்ததும் ஒரு புலி நகரும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. பக்கத்தில் ஆடு இருந்து, அதற்கு நேர் பின்னால் காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டலாம். மூன்று புலியும் அசைய முடியாமல் கட்டுப்பட்டால் ஆடு ஜெயிக்கும். கட்ட முடியாத அளவுக்கு ஆடு குறைந்துபோனால் புலி ஜெயிக்கும்.

எதிரெதிரே உட்கார்கிற இரண்டு பேரும் ஒரே ஆட்டத்தை ஆடுவதில்லை என்பதுதான் இதன் சிறப்பு. சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் ஒரே படை. இங்கே ஒருவருக்குப் பலம், இன்னொருவருக்கு எண்ணிக்கை. புலி வைத்திருப்பவன் அவசரப்படலாம். ஆடு வைத்திருப்பவன் அவசரப்பட்டால் போச்சு.

முதல் நாள் ஒன்பது ஆட்டம் ஆடினோம். ஒன்பதிலும் தோற்றேன். நான் புலி எடுத்தாலும் தோல்வி, ஆடு எடுத்தாலும் தோல்வி. ஆனால் அன்றைக்கு அப்பா பேசினார். லோரி ஓட்டிய காலத்தில் சரக்கு ஏற்றக் காத்திருக்கும்போது தரையில் கரிக்கட்டையால் கோடு போட்டு ஆடியதைச் சொன்னார். அம்மாவும் இதை நன்றாக ஆடுவார் என்று சொன்னார். எனக்கு அது தெரியாது.

* * *

நான்கைந்து வருகைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, காய்களை எடுத்து வைத்தேன். அப்பா கையை நீட்டவில்லை.

"போதும்டா. நீ எங்க வைப்பேன்னு எனக்குத் தெரியுது."

உண்மைதான். நானும் அதற்குள் ஓரளவு கற்றிருந்தேன். அவர் ஆடுகளை ஓரங்களிலிருந்து அடுக்கி உள்ளே நகர்த்துவார். நான் ஒன்றிரண்டை வெட்டுவேன். பிறகு கட்டுப்படுவேன். எல்லா ஆட்டமும் ஒரே ஆட்டம் ஆகிவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டார். மீண்டும் "சாப்பிட்டியா", "ரோடு ஜாமா".

கடையில் வாங்குகிற ஆட்டமாக இருந்தால் விரிவாக்கப் பெட்டி ஒன்றை வாங்கி வந்திருப்பேன். ஆடு புலிக்கு எந்தக் கடையில் போய் வாங்குவது? நாமே செய்வோம் என்று முடிவு செய்தேன். இன்னொரு மூடியை எடுத்து வைத்தேன்.

"நாலு புலி, ப்பா."

அப்பாவுக்குக் கொஞ்சம் ஆர்வம் வந்தது. நான்கு புலி, பதினைந்து ஆடு. பதினைந்தும் இறங்குவதற்குள் ஐந்து ஆடு போய்விட்டது. அப்பா முதல்முறையாக என்னிடம் தோற்றார். எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. அவருக்கும் இல்லை. யார் ஆடினாலும் புலிதான் ஜெயிக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"புலியக் கூட்டினா ஆட்டையும் கூட்டணும்" என்றார்.

கணக்குப் போட்டோம். மூன்று புலிக்குப் பதினைந்து என்றால் ஒரு புலிக்கு ஐந்து ஆடு. அப்படியானால் நான்கு புலிக்கு இருபது. போத்தலிலிருந்து இன்னும் ஐந்து காசு எடுத்தோம். அப்பா ஓர் ஆட்டைக்கூட வெட்டுக் கொடுக்காமல் ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டே வந்தார். பத்தொன்பதாவது ஆட்டைக் கடைசிக் காலிப் புள்ளியில் வைத்துவிட்டு, இருபதாவது காசைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடினார். இடம் இல்லை. நான்கும் இருபதும் இருபத்து நான்கு. கட்டத்தில் இருப்பதோ இருபத்து மூன்று புள்ளி!

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் அவர் சத்தமாகச் சிரித்து நாளாகியிருந்தது.

பழைய ஆட்டத்தை உண்டாக்கியவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. மூன்றும் பதினைந்தும் பதினெட்டு. எல்லாரும் இறங்கிய பிறகும் ஐந்து புள்ளி காலியாக இருக்கும். அந்த ஐந்து காலி இடத்தில்தான் ஆட்டமே நடக்கிறது. நாங்கள் ஆளைக் கூட்டினோம். இடத்தைக் கூட்டவில்லை.

அன்றிரவு தேடிப் படித்தேன். நேபாளத்தில் 'பாக் சால்' என்று ஓர் ஆட்டம். அங்கே சரியாக நான்கு புலி, இருபது ஆடு! கட்டம் நம்முடைய முக்கோணம் அல்ல. வரிசைக்கு ஐந்து வீதம் ஐந்து வரிசை, 25 புள்ளி. புலிகள் நான்கு மூலையில் நிற்கும். ஐந்து ஆட்டை வெட்டிவிட்டால் புலிக்கு வெற்றி. எந்த ஆடும் வெட்டுப்படாவிட்டால் மிஞ்சுவது ஒரே ஒரு காலி இடம்தான். அவ்வளவு நெருக்கத்தில் யார் ஜெயிப்பார்? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த லிம் இயூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற பேராசிரியருடன் சேர்ந்து இதைக் கணினியில் அலசியிருக்கிறார். இரண்டு பக்கமும் பிழையே செய்யாமல் ஆடினால் முடிவு சமநிலை என்று நிறுவினார்கள். அந்தக் கட்டுரை 2009இல் ஒரு தொகுப்பு நூலில் வந்திருக்கிறது. ஆட்டிடையன் மண்ணில் கோடு போட்டு ஆடிய ஆட்டத்தில் அவ்வளவு துல்லியமான தராசு இருக்கிறது.

* * *

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் மேசையைப் போட்டு இருபத்தைந்து புள்ளிக் கட்டத்தை வரைந்துகொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பாக்சிக் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கும் அவருக்கும் முப்பது வருடப் பழக்கம். பெருநாளுக்கு ரெண்டாங் இந்தப் பக்கம் வரும், தீபாவளிக்கு முறுக்கு அந்தப் பக்கம் போகும். எட்டிப் பார்த்தவர் தண்ணீரை நிறுத்தினார்.

"இனி ரிமாவ் கெ?" இது ரிமாவா என்று கேட்டார்.

ரிமாவ் என்றால் மலாயில் புலி. உள்ளே வந்தவர் பென்சிலை வாங்கி எங்கள் சதுரக் கட்டத்தின் மேல் பக்கத்திலும் கீழ்ப் பக்கத்திலும் ஒவ்வொரு முக்கோணம் வரைந்தார். சதுரத்துக்கு இரண்டு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. சிறுவயதில் பாரிட் பக்கத்துக் கம்பத்தில் இதை ஆடியிருக்கிறாராம். அவருடைய தாத்தா ஜாவாவிலிருந்து வந்தவர். இங்கே பலருக்கு அந்தப் பூர்வீகம் உண்டு. ஜாவாவிலும் இறக்கை வைத்த கட்டத்தில் இப்படி ஓர் ஆட்டம் இருக்கிறது. பெயர் 'மச்சானான்'. ஜாவா மொழியில் மச்சான் என்றால் புலி. அப்பா இதைக் கேட்டுவிட்டு, "இனிமே உன் மாமன் மகனைக் கூப்பிடும்போது பாத்துக் கூப்பிடு" என்றார்.

ரிமாவில் ஒரே ஒரு புலி. எதிரே ஆடு கிடையாது, மனிதர்கள். இருபத்து நான்கு பேர். ஒரு புலி என்ன செய்யும் என்று நினைக்கிறீர்களா? அதற்கு ஒரு வரம் கொடுத்திருக்கிறார்கள். நம் புலி ஓர் ஆட்டை மட்டும்தான் தாண்டும். ரிமாவ் ஒரே தாவலில் நேர்வரிசையில் நிற்கிற ஒருவரையோ, மூவரையோ, ஐவரையோ தாண்டி வெட்டலாம். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. மூன்று பேர் வரிசையாக நின்றால் மூவரும் போச்சு. இரண்டு பேராக நின்றால் தப்பித்துக்கொள்வார்கள்.

இதற்கே இன்னொரு வடிவமும் உண்டு. அதில் இரண்டு புலி. பெயர் 'ரிமாவ் ரிமாவ்'. மலாயில் பன்மைக்குச் சொல்லை இரண்டு முறை சொன்னால் போதும். விரிவாக்கத்துக்கு இதைவிட எளிமையான பெயர் வைக்க முடியுமா?

அந்தச் சதுரக் கட்டமும் இன்று நேற்று வந்ததல்ல. ஸ்பெயின் நாட்டு மன்னர் பத்தாம் அல்போன்சோ 1283இல் எழுதச் செய்த விளையாட்டு நூலில் இதே 25 புள்ளிக் கட்டம் 'அல்கெர்கே' என்ற பெயரில் இருக்கிறது. அங்கே ஆளுக்குப் பன்னிரண்டு காய். ஒற்றை முயலைப் பலர் சூழ்ந்து பிடிக்கும் ஆட்டமும் அதே நூலில் உண்டு. நம் முக்கோணக் கட்டமும் கடல் கடந்திருக்கிறது. ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயர் இலங்கையைப் பற்றி 1909இல் வெளியிட்ட நூலில் 'தெமள திவியன் கெளிய' என்ற ஆட்டத்தை விவரித்திருக்கிறார். சிங்களத்தில் அதற்குத் 'தமிழர் சிறுத்தை ஆட்டம்' என்று பொருள். பக்கத்து வீட்டுக்காரர் நம் ஆட்டத்தை நம் பெயரைச் சொல்லியே ஆடியிருக்கிறார்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அன்று மதியம்வரை நகரவில்லை. முப்பது வருடம் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இரண்டு பேருக்கும், மற்றவர் புலி ஆட்டம் தெரிந்தவர் என்பது தெரியாது. அப்பா மனிதர்களை வைத்து ஆடினார், பாக்சிக் புலி. மூன்று பேரை வரிசையாக நிறுத்தி மூவரையும் பறிகொடுத்த பிறகு அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பழைய கணக்கு இங்கே செல்லவில்லை. நெருங்கி நின்றாலே பாதுகாப்பு என்று பழகியவர், இப்போது எத்தனை பேர் என்று எண்ண வேண்டியிருந்தது. சூழ்ந்துவிட்டோம் என்று நினைக்கும்போது புலி இறக்கைக்குள் ஓடிவிடும். ஆனால் இறக்கை குறுகலானது. உள்ளே போன புலியின் வாசலை இரட்டைப்படையாக ஆளை வைத்து அடைத்துவிட்டால் அதுவே கூண்டு. அதைக் கண்டுபிடித்தபோது அப்பா மேசையைத் தட்டினார்.

எனக்கு அங்கே ஒரு விஷயம் விளங்கியது. நான் கொண்டுவந்த நான்காவது புலி ஏன் ஆட்டத்தைக் கெடுத்தது, இறக்கையும் தாவலும் ஏன் ஆட்டத்தைக் காப்பாற்றின என்று. நான் ஒரு பக்கத்துக்கு மட்டும் பலத்தைக் கூட்டினேன். ரிமாவில் புலிக்குத் தாவலைக் கொடுத்தவர்கள், மனிதர்களுக்கு ஆளைக் கொடுத்தார்கள், இருவருக்கும் ஓட இடம் கொடுத்தார்கள். கொசு விஷயமும் அதேதான். ஆளுக்கு ஒன்று. அதுவும் பக்கத்தில் இருப்பவரைத் தொட்டால்தான் அசையும்.

வீட்டிலும் நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன் போலும். பெரிய தொலைக்காட்சி, புதுக் கைப்பேசி, பூச்சிப் பெட்டி என்று வாங்கி வாங்கி அடுக்கினேன். எல்லாம் நான் வைத்த காய்கள். அப்பா காய் வைக்க அதில் இடம் எங்கே இருந்தது? அவர் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கியது.

இந்த வாரம் உங்கள் வீட்டிலும் ஒரு தாளை எடுங்கள். 23 புள்ளியில் தொடங்குங்கள். வீட்டுப் பெரியவர்களின் விதி வேறாக இருந்தால் சண்டை போடாதீர்கள், அவர்கள் விதியில் ஒரு சுற்று ஆடிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அலுத்துப்போனால் புதிதாக எதையாவது சேர்க்கச் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை: ஒரு பக்கத்துக்கு ஒன்று கூட்டினால் எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று கூட்ட வேண்டும். கடைசிக் காயை வைக்க இடம் இருக்கிறதா என்பதை மட்டும் முதலிலேயே எண்ணிக்கொள்ளுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பாவிடமிருந்து அழைப்பு. வார நாளில் அவராக எனக்கு அழைப்பதே அபூர்வம். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"டேய், அந்த முக்கோணக் கட்டத்துக்கே இறக்க வச்சா என்ன? நானும் பாக்சிக்கும் ஒண்ணு போட்டுப் பாத்தோம். இருபது ஆடும் உக்காருது. வெள்ளிக்கிழம சீக்கிரம் வா."

நாலு புலியா என்று கேட்டேன்.

"நாலுதான். நீ புலி."